ஏற்றத்தில் கொதிக்கும் டீசல் எஞ்சின்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

இலங்கை மலையகத்தின் இறம்பொடை ஏற்றத்தில் ஒரு லொறி ஓரங்கட்டி நின்றால், அதன் கிளீனர் கையில் கேனோடு, மலைநீர் கொட்டும் பீலியைத் தேடிப் போய்க்கொண்டிருப்பார். மலையகத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இரண்டு வளைவுக்கு ஒரு பீலி கொட்டுகிறது. அந்த வசதியே நம் எஞ்சின்களைக் கெடுக்கிறது என்று நான் நினைக்கிறேன். தண்ணீர் குறைகிறது, ஊற்றுகிறோம், வண்டி ஓடுகிறது. மறுநாள் மறுபடி குறைகிறது, மறுபடி ஊற்றுகிறோம். ஊற்றிய தண்ணீர் எங்கே போனது என்று கேட்பதில்லை. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிகளோடும் தோட்டத்து டிராக்டர்களோடும் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவன் நான். என் கைக்கு வந்த, வெடித்த சிலிண்டர் ஹெட்டுகளில் (எஞ்சினின் மேல்மூடிப் பகுதி) பெரும்பாலானவை அந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை. அதைக் கேட்கும் முறையை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர் போகும் வழி

எரிகிற டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. இன்னொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியே சூடாக வெளியேறிவிடுகிறது. மிஞ்சுவதில் பெரும்பகுதியை எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் சுமக்கிறது. வாட்டர் பம்ப் அதை, சிலிண்டர்களின் உட்சுவரான லைனர்களைச் சுற்றித் தள்ளி, அங்கிருந்து சிலிண்டர் ஹெட்டுக்குள் ஏற்றுகிறது. ஹெட்டின் வாயிலில் தெர்மோஸ்டாட் காவல் இருக்கிறது. எஞ்சின் குளிராக இருக்கும்வரை அது மூடியிருக்கும். தண்ணீர் குறுக்கு வழியில் பம்புக்கே திரும்பிச் சுற்றும். பெரும்பாலான லொறிகளில் 82 பாகை செல்சியஸை ஒட்டித் தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்கும். அப்போதுதான் தண்ணீர் மேல் ஹோஸ் வழியே ரேடியேட்டருக்குப் போய், காற்றில் சூட்டை இறக்கிவைத்து, கீழ் ஹோஸ் வழியே பம்புக்கு வரும்.

இந்தச் சுற்றில் நாம் மதிக்கத் தவறும் பொருள் ரேடியேட்டர் மூடி. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஹட்டன் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 96 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94 பாகை போதும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினின் தண்ணீரே ஏற்றத்தில் 95 பாகையைத் தொடும். அப்படியானால் நுவரெலியாவில் எல்லா வண்டியும் கொதிக்க வேண்டுமே, ஏன் கொதிப்பதில்லை? மூடியிலுள்ள ஸ்பிரிங், சதுர அங்குலத்துக்கு 13 இறாத்தல் அளவுக்கு உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் நுவரெலியாவிலும் 115 பாகைக்குக் கிட்டப் போனால்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு மொத்தமாகப் போய்விடும். கொழும்பில் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய வண்டி, கினிகத்தேனை தாண்டி வட்டவளை வந்ததும் கொதிக்கிறது என்றால் முதலில் மூடியைத்தான் பாருங்கள்.

முதலில், நிறுத்தும் விதம்

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பதுதான் எல்லோருக்கும் வரும் பழக்கம். ஹோஸ் வெடித்து ஆவி பீறிட்டால் அதுவே சரி, உடனே அணையுங்கள். தண்ணீர் உள்ளேதான் இருக்கிறது, ஏற்றத்தின் பாரத்தால் சூடேறியிருக்கிறது என்றால் அணைக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் சற்று வேகமாகச் சுற்றவிடுங்கள். பம்பும் ஃபேனும் ஓடினால்தான் ஹெட்டில் தேங்கிய சூடு வெளியேறும். இரண்டு மூன்று நிமிடத்தில் முள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அணைத்துவிடுங்கள்.

மூடியை உடனே திறக்காதீர்கள். உள்ளே இருப்பது 100 பாகைக்கு மேல் சூடான, அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர். மூடி கழன்ற நொடியில் அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். முகமும் கழுத்தும் வெந்த டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரைமணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸைத் துணியோடு அமுக்கிப் பாருங்கள். தளர்ந்திருந்தால், ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு முதல் தடைவரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பிறகு திறக்கலாம். வற்றிப்போன சூடான எஞ்சினில் பீலித் தண்ணீரை ஊற்றுவது, பழுக்கக் காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீர் தெளிப்பது போன்றது. வார்ப்பிரும்பு அதைத் தாங்காது. நன்றாக ஆறவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

கொழுந்து ஏற்றிய லொறியில் இந்த அரைமணி நேரம் எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். குவித்துக் கட்டிய கொழுந்து உள்ளுக்குள் சூடாகிச் சிவந்துவிடும், ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஏச்சு விழும். ஆனாலும் ஒரு நடைக் கொழுந்தின் விலையையும் ஒரு சிலிண்டர் ஹெட்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முள் ஏற்றத்தில் ஏறுகிறது, சமதரையில் இறங்குகிறது

மலையகத்தில் அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். முதல் கியரில் ஏறும்போது எஞ்சின் முழுப்பலத்தோடு எரிகிறது. வண்டியோ நடந்து போகும் வேகத்தில் போகிறது. ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை. ஃபேன் இழுக்கும் காற்றுதான் எல்லாம். ஆகவே காற்றின் பக்கத்தில் உள்ள எந்தக் குறையும் ஏற்றத்தில்தான் வெளிவரும்.

ரேடியேட்டரின் முகத்தை முன்னாலிருந்து பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். டர்போ உள்ள லொறிகளில் ரேடியேட்டருக்கு முன்னால், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இருக்கும். அழுக்கு சேருவது இரண்டுக்கும் நடுவில். கடந்த மழைக்காலத்தில் ஒரு கொழுந்து லொறியின் இன்டர்கூலரைக் கழற்றிச் சாய்த்தேன். பின்னால் தேயிலைப் பஞ்சும், புல் விதையும், பூச்சிச் சிறகும், சேறும் சேர்ந்து ஒரு விரல் தடிப்புக்குப் படிந்திருந்தன. விளிம்பைப் பிடித்து இழுத்ததும் சாக்குத் துணி போல் ஒரே படலமாகக் கழன்று வந்தது. அந்த லொறிக்கு அதற்கு முன் மூன்று மாதத்தில் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றியிருந்தார்கள். கழுவியதும் கொதிப்பு நின்றது.

கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். வந்த வழியே அழுக்கு வெளியேற வேண்டும். அழுத்தம் கூடிய குழாயைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, காற்று போகும் வழியை நாமே அடைத்துவிடுவோம்.

அடுத்தது பெல்ட். இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெருவிரலால் அமுக்கினால் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் தாழ வேண்டும். பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடி போல் பளபளத்தால் அது வழுக்குகிறது. இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பம்பின் பெயரிங் போய்விடும்.

ஃபேனின் நடுவில் வட்டமான கிளட்ச் உள்ள வண்டிகளில், எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தேனுக்குள் சுற்றுவது போல் ஓர் எதிர்ப்பு தெரிய வேண்டும். பம்பரம் போல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் கசிந்துவிட்டது. கிளட்சின் மேல் எண்ணெய்க் கோடு ஓடியிருக்கும், விரலால் தடவினாலே தெரியும். ரேடியேட்டரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். கூடு இல்லாவிட்டால் ஃபேன் எஞ்சின் அறையின் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும்.

வெளியே எல்லாம் சரியென்றால் உள்ளே போக வேண்டும். சூடான எஞ்சினில் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் ஒப்பிடுங்கள். கைபொறுக்காத சூடு என்பதால் வெப்பமானித் துப்பாக்கி இருந்தால் நல்லது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தால் காற்று சூட்டை எடுத்துச் செல்லவில்லை. கீழ் ஹோஸ் வெகுவாகக் குளிர்ந்திருந்தால் தண்ணீர் சரியாக ஓடவில்லை. ரேடியேட்டர் குழாய்கள் துருவாலும் சேற்றாலும் அடைத்திருக்கலாம். ரேடியேட்டரின் முகத்தில் துப்பாக்கியை இடம் மாற்றி மாற்றிப் பிடித்தால், அடைத்த இடங்கள் குளிர்ந்த திட்டுகளாகக் காட்டும். பித்தளை ரேடியேட்டர் என்றால் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டரில் அந்த வேலையைச் செய்யப் போகாதீர்கள். கடுமையாக அடைத்திருந்தால் மாற்றுவதே வழி.

முள் சிவப்புக்குப் போய், தானாக விழுகிறது

இந்த அறிகுறிதான் எனக்குப் பெரிய பயம். ஒருநாள் இரவு புஸ்ஸல்லாவைக்கு மேலே நின்ற லொறிக்கு என்னை அழைத்தார்கள். டிரைவர் சின்னப் பையன். “பாஸ், முள் மேலே போனது, பிறகு அதுவாகவே இறங்கிவிட்டது. சூடு தணிந்துவிட்டது என்று நினைத்து ஓட்டினேன்” என்றான். டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் அரைவட்டமாகக் கிழிந்திருந்தது. ரேடியேட்டரில் ஒரு சொட்டும் இல்லை.

சூட்டை அளக்கும் சென்சர் தண்ணீருக்குள் நின்றால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வற்றி அது வெறும் காற்றில் நிற்கும்போது முள் விழும். எஞ்சின் உருகும் சூட்டில் இருக்க, முள் குளிர் என்று காட்டும். அந்த லொறியின் ஹெட்டைக் கழற்றியபோது, மூன்றாவது சிலிண்டரில் இரண்டு வால்வுகளுக்கும் நடுவே தலைமயிர் அளவு ஒரு கோடு ஓடியிருந்தது. டீசல் ஊற்றித் துடைத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஹெட்டை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

ஏற்றத்தில் பாரம் குறையாமல் முள் மட்டும் திடீரென்று விழுந்தால், அந்த இடத்திலேயே எஞ்சினை அணையுங்கள். இறக்கத்தில் முள் மெல்ல இறங்குவது வேறு. எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது டீசல் எரிவது நின்றுவிடுவதால் எஞ்சின் குளிரும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

எடுத்துப் பத்து நிமிடத்தில் கொதிக்கிறது

பாரமில்லாமல், சமதரையிலேயே, விடியற்குளிரிலேயே கொதிக்கிறதா? தண்ணீர் அளவு சரியாக இருந்து, மேல் ஹோஸ் சில்லென்று இருக்கும்போதே முள் மேலே போனால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கழற்றிச் சோதியுங்கள். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் முட்டாமல் சூடாக்குங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானி வேண்டும்.

இங்கே மலையகத்துக்கென்று ஒரு பொறி இருக்கிறது. 82 பாகை என்று முத்திரை குத்திய தெர்மோஸ்டாட், 82இல் திறக்கத் தொடங்கி 95ஐ ஒட்டித்தான் முழுதாகத் திறக்கும். நுவரெலியாவில் சட்டித் தண்ணீர் 94இலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. எவ்வளவு கொதிக்கவிட்டாலும் அது முழுதாகத் திறக்காமல் நிற்பதைப் பார்த்து, நல்ல தெர்மோஸ்டாட்டைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். பார்க்க வேண்டியது, வாய் எந்தச் சூட்டில் பிரியத் தொடங்குகிறது என்பதை. முத்திரைக்கு இரண்டொரு பாகை முன்பின்னாகப் பிரிந்து, சூடு ஏற ஏற அகன்று, தண்ணீர் ஆறும்போது மூடிக்கொண்டால் அது நல்லது.

தெர்மோஸ்டாட் சரியாக இருந்தும் நிலைமை மாறவில்லை என்றால் பம்ப். அதன் அடியிலுள்ள சிறு துளையில் சொட்டு வடிந்திருந்தால் உள்ளே உள்ள சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் பசை வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், தண்ணீர் பெயரிங்குக்குள் போய்ப் பம்பே இறுகிவிடும். வெளியே சொட்டே இல்லாமலும் பம்ப் கெட்டிருக்கலாம். பல வருடம் வெறும் தண்ணீரில் ஓடிய பம்பைக் கழற்றினால், உள்ளே இருக்கும் சுழலியின் இறக்கைகள் துருவில் கரைந்து பாதியாகியிருக்கும்.

எஞ்சின் சூடேறவே மாட்டேன் என்கிறது

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் கொதிக்காது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குளிர்ந்த மலைநாட்டில் ஓடும் டீசல் எஞ்சினுக்கு இதைவிடக் கேடு வேறில்லை. எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வராது, டீசல் முழுதாக எரியாமல் வெண்புகை கக்கும், எரியாத டீசல் லைனரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும், பிஸ்டன் ரிங்குகள் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டே குறுக்கு வழியையும் மூடுகிறது. அதைக் கழற்றினால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, ஏற்றத்தில் முன்னைவிட மோசமாகக் கொதிக்கும். கழற்றியிருந்தால் புதிதாக ஒன்றைப் போடுங்கள்.

தண்ணீர் குறைகிறது, சொட்டு எங்குமில்லை

மூடியைப் பற்றி மேலே சொன்னேன். ரப்பர் வளையத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். கல் போல் இருந்தால் மாற்றுங்கள். புதியதில் பழையதன் அழுத்த எண்ணே இருக்க வேண்டும். கூடிய அழுத்தமுள்ள மூடி நல்லது என்று போட்டால் ரேடியேட்டரின் தையல் பிரியும்.

மூடி சரியென்றால், விடியற்காலையில் எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில குமிழிகள் வந்து அடங்கினால் அது தேங்கியிருந்த காற்று. நிற்காமல் குமிழி வந்து, எஞ்சினை முறுக்கும்போது கூடினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைகிறது: ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட் போயிருக்கும், அல்லது ஹெட்டில் வெடிப்பு. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல் போல் இறுகுவதும் இதையே சொல்லும்.

அரிதாக லைனரிலேயே ஓட்டை விழும். சிலிண்டருக்குள் டீசல் வெடித்து எரியும் ஒவ்வொரு முறையும் லைனர் மணி போல் அதிர்கிறது. அந்த அதிர்வில் அதன் வெளிச்சுவரில் நுண்ணிய ஆவிக்குமிழிகள் தோன்றி உடைகின்றன. உடையும் ஒவ்வொன்றும் இரும்பைக் கொத்துகிறது. நாளடைவில் ஊசி குத்தியது போல் துளைகள் விழுந்து தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். இதைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில் இருக்கிறது, பீலித் தண்ணீரில் இல்லை. உறைபனிக்கு மட்டும் தேவையானது கூலன்ட் என்று நினைத்து நாம் அதைத் தவிர்க்கிறோம். சுத்தமான தண்ணீரும் எதிலீன் கிளைக்கோல் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்தால் துருவும் தடுக்கப்படும், கொதிநிலையும் சில பாகை உயரும். ஆனால் அது இனிப்பான நஞ்சு. பழையதைக் கானில் ஊற்றாதீர்கள். நாயும் மாடும் நக்கிக் குடித்துச் சாகும். மேலே ஊற்றியது கீழே உள்ள லயத்தின் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின்) பீலிக்குத்தான் வரும்.

ஹோஸ் சப்பிப்போகிறது

இரவில் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பியிருந்தால், மூடியின் நடுவிலுள்ள சிறு வால்வு ஒட்டிக்கொண்டு, ரேடியேட்டரோடு இணைந்த மிகைநீர்ப் போத்தலிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்கவிடவில்லை. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கீழ் ஹோஸ் சப்பினால், அதற்குள் இருந்த கம்பிச் சுருள் துருப்பிடித்து அழிந்திருக்கும்.

எண்ணெயில் வெள்ளை, தண்ணீரில் எண்ணெய்

எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்ளே வெள்ளைப் பசை கண்டதும் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். ஸ்டோருக்கும் மலைக்கும் குறுகிய தூரம் ஓடி நிற்கும் வண்டிகளில், நம் குளிரில் உள்ளே வியர்த்தே அந்தப் பசை உண்டாகும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் தெளிவாக, அளவு கூடாமல் இருந்தால் வண்டியை ஒரு மணி நேரம் நன்றாகச் சூடேற ஓட்டுங்கள், பசை மறைந்துவிடும். டிப்ஸ்டிக்கிலேயே எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் வந்து அளவும் கூடியிருந்தால் எஞ்சினைச் சுற்றவே கூடாது. ரேடியேட்டரில் எண்ணெய் மிதந்து, டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால், ஹெட்டுக்கு முன், எண்ணெயைத் தண்ணீரால் குளிரவைக்கும் ஒயில் கூலரைச் சோதியுங்கள். எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிடக் கூடியது. அதனால் கூலர் ஓட்டையானால் எண்ணெய்தான் தண்ணீருக்குள் போகும்.

பழுது பார்த்து முடித்ததும்

புதிதாக ஊற்றும்போது ஹெட்டில் காற்று அடைபட்டால் எல்லா வேலையும் வீண். மலையகத்தில் இதற்கு வசதி உண்டு: வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, டயருக்குக் கட்டை வையுங்கள். ரேடியேட்டரின் வாய் உயரத்துக்கு வந்து, காற்று அதை நோக்கி ஏறும். எஞ்சினில் காற்றுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, தண்ணீர் இடைவிடாமல் வரும்வரை விடுங்கள். மெதுவாக ஊற்றி, மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் திடீரெனத் தாழும்போது மறுபடி நிரப்பி மூடுங்கள்.

பிறகு பாரத்தோடு ஓர் ஏற்றம் ஏற்றிப் பாருங்கள். நான் தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை போய்த் திரும்புவேன். வந்ததும் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைத்து, போத்தலின் மட்டத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் காலையில் குளிர்ந்த எஞ்சினின் மூடியைத் திறந்து, ரேடியேட்டரில் தண்ணீர் கழுத்துவரை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கொழுந்துக்கு அனுப்பலாம். குறைந்திருந்தால் கேனைத் தூக்காமல், அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று தேடத் தொடங்குங்கள்.